பழைய ஒடுக்கமான கிராங்கை இன்றைய ரோடு பைக்கில் மாட்டுவது எப்படி? ஏற்காடு ஏறும் புதியவர்களுக்கு

ஞாயிறு காலை ஏற்காடு அடிவாரத்தில் டீ குடிக்க நிற்கும்போது என் பைக்கைப் பார்க்கிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி விலை. இரண்டாவது கேள்வி, "கிராங்க் மட்டும் ஏன் இவ்வளவு பழசா இருக்கு?" வண்டி பதினொரு கியர் வண்டி, சக்கரம், பிரேக், ஷிஃப்டர் எல்லாம் புதுசு. நடுவில் மட்டும் 1970களில் வந்த ஒரு பிரெஞ்சு கிராங்க், அதாவது பெடலைத் தாங்கிச் சுற்றும் கைகள், மாட்டியிருக்கிறேன். அதற்குக் காரணம் கால் இடைவெளி. மாட்டிப் பார்க்கலாமா என்று போன மாதம் மட்டும் மூன்று பேர் கேட்டார்கள். அவர்களில் ஒருவர் ஃபிரேமை அளக்காமலேயே கிராங்கை ஆர்டர் போட்டுவிட்டார். அந்தப் பணம் போனது போனதுதான். அதனால்தான் எனக்குத் தெரிந்ததை மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

முதலில் க்யூ ஃபேக்டர் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். வலது கிராங்கில் பெடல் மாட்டும் வெளி முகத்திலிருந்து இடது கிராங்கின் வெளி முகம் வரை குறுக்காக எத்தனை மி.மீ. என்பதுதான் அது. இன்றைய ஷிமானோ ரோடு கிராங்குகளில் சுமார் 146 மி.மீ. இருக்கும். பழைய கிராங்குகளில் 140க்குக் கீழே வருவது சாதாரணம், சில பிரெஞ்சு டூரிங் கிராங்குகளை 130ஐ ஒட்டியே கொண்டுவரலாம். ஒரு காலுக்கு ஐந்தாறு மி.மீ.தானே என்று தோன்றும். ஆனால் மலையேற்றத்தில் ஒன்றரை மணி நேரம் ஒரே மாதிரி மிதிக்கும்போது அந்த ஐந்தாறு மி.மீ. இடுப்பில் தெரிகிறது. எனக்கு நடக்கிற மாதிரியே கால் போகிறது, முழங்கால் வெளியே வளையாமல் நேராக இறங்குகிறது.

இது எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்லமாட்டேன். இடுப்பு அகலமானவர்கள், பாதம் வெளிப்பக்கம் திரும்பி நடப்பவர்கள் பலருக்கு அகலமான கிராங்குதான் நிம்மதி. ஏற்கெனவே முழங்கால் வலி இருந்தால் முதலில் பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள், கிராங்கை வைத்து வைத்தியம் பார்க்கக் கூடாது. ஆனால் கால்கள் நெருக்கமாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் புதிதல்ல. 1993 ஜூலையில் ஸ்காட்லாந்து சைக்கிள் வீரர் கிரேம் ஓப்ரீ ஒரு மணி நேரத்தில் 51.596 கிலோமீட்டர் ஓட்டி உலக சாதனை செய்தாரே, அந்த வண்டியை அவரே கையால் செய்தார். கால்களை நெருக்கிக் கொண்டுவருவதற்காக பாட்டம் பிராக்கெட்டை (கிராங்க் சுழலும் அச்சும் பேரிங்கும் சேர்ந்த பகுதி) ஒடுக்கினார், அதற்கு அவர் போட்டது வாஷிங் மெஷின் பேரிங். நாம் அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை, பழைய கிராங்கே போதும்.

சரி, வேலைக்கு வருவோம். கிராங்கைத் தேடுவதற்கு முன்னால் உங்கள் ஃபிரேமைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டு பாட்டம் பிராக்கெட் ஷெல்லை, அதாவது அது உட்காரும் குறுக்குக் குழாயைப் பாருங்கள். பாட்டம் பிராக்கெட்டை இனிமேல் பிபி என்றே எழுதுகிறேன். இந்த வேலை நடக்குமா நடக்காதா என்பதை முக்கால்வாசி அந்த ஷெல்தான் முடிவு செய்யும்.

ஷெல் 68 மி.மீ. அகலம், உள்ளே மரை இருக்கிறது என்றால் அது பெரும்பாலும் பிஎஸ்ஏ எனப்படும் ஆங்கில அளவு மரை, அதிர்ஷ்டக்காரர் நீங்கள். சதுர முனை ஆக்சில் (இரண்டு கிராங்கையும் இணைக்கும் தண்டு) வைத்த கார்ட்ரிட்ஜ் பிபி, அதாவது பேரிங்கோடு ஒரே துண்டாக வருவது, நேரடியாக ஏறும். இத்தாலிய ஃபிரேம் என்றால் 70 மி.மீ. இருக்கும், அதற்கும் கார்ட்ரிட்ஜ் உண்டு, ஆனால் வாங்கும்போது இத்தாலிய மரை என்று கேட்டு வாங்கவேண்டும். மரை இல்லாமல் 68 மி.மீ. அகலமும் 42 மி.மீ. துளையும் இருந்தால் அது பிபி30. அதற்குள் பிஎஸ்ஏ மரை போட்ட அடாப்டர் ஸ்லீவ் அடித்துப் பயன்படுத்தலாம்.

கார்பன் ஃபிரேம்கள் நிறைய வருவது 86.5 மி.மீ. அகல ஷெல்லுடன். அது இருந்தால் இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திவிடலாம். காரணம் எளிது. 107 மி.மீ. ஆக்சிலில் பழைய கிராங்கை ஏற்றினால் இரு கிராங்கின் உள்முகங்களுக்கும் நடுவே எழுபது மி.மீ. சொச்சம்தான் மிஞ்சும், அதற்குள் 86.5 மி.மீ. ஷெல்லை எங்கே வைப்பது? நீள ஆக்சில் போட்டால் மாட்டலாம், ஆனால் அப்போது கிராங்க் வெளியே தள்ளிப்போய் மறுபடியும் 146க்கே வந்து நிற்கும். ஒடுக்கம் வேண்டித்தானே இத்தனை பாடு.

ஷெல் தேறிவிட்டதா? அடுத்தது செயின்ஸ்டே, அதாவது பிபியிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் இரண்டு குழாய்கள். அகல டயர் போடுவதற்காகவும் டிஸ்க் பிரேக்குக்காகவும் இப்போதைய ஃபிரேம்களில் இவை வெளிப்பக்கம் வீங்கியிருக்கும். ஒரு வெர்னியரும் நேரான ஸ்கேலும் எடுத்துக்கொள்ளுங்கள். பிபி மையத்திலிருந்து 170 மி.மீ. பின்னால் (உங்கள் கிராங்க் நீளம் எதுவோ அது) செயின்ஸ்டேயின் வெளி விளிம்பு வண்டியின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். நடுக்கோட்டைக் கண்டுபிடிக்க, ஷெல்லின் முகத்திலிருந்து 34 மி.மீ. உள்ளே என்று எடுத்துக்கொள்ளலாம், 68இல் பாதி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். க்யூ ஃபேக்டர் 134 வரவேண்டும் என்று ஆசை. அப்படியென்றால் ஒரு பக்கக் கிராங்கின் வெளிமுகம் நடுக்கோட்டிலிருந்து 67 மி.மீ. பெடல் மாட்டும் இடத்தில் கிராங்கின் கனம் 14 மி.மீ. என்று வையுங்கள், உள்முகம் 53இல் இருக்கும். செயின்ஸ்டே 50இல் இருந்தால் மிச்சம் 3 மி.மீ. போதும். செயின்ஸ்டே 52இல் இருந்தால் 1 மி.மீ.தான், அதை நம்பி எழுந்து நின்று மிதிக்க முடியாது, ஃபிரேமும் கிராங்கும் பாரத்தில் கொஞ்சம் வளையத்தான் செய்யும். குறைந்தது 3 மி.மீ. வையுங்கள், நான் 4 பார்ப்பேன்.

இதோடு குதிகாலையும் பாருங்கள், பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். கால் உள்ளே வரும்போது ஷூவின் குதியும் உள்ளே வருகிறது. உங்கள் குதிகால் உள்பக்கம் திரும்பும் பழக்கமுடையதென்றால் அது செயின்ஸ்டேயில் உரசும். பழைய வண்டியின் செயின்ஸ்டேயில் உள்ளங்கை அளவுக்குப் பெயின்ட் மங்கி வழவழவென்று இருந்தால் உங்களுக்கு அந்தப் பழக்கம் உண்டு என்று அர்த்தம்.

இதெல்லாம் சரியாக வந்தபின் கிராங்க் வாங்கலாம். நம்மூர் ஹீரோ, அட்லஸ் பழைய வண்டிகளில் இருக்கும் காட்டர் பின் (ஆணி அடித்துப் பிடிக்கும்) கிராங்க் இதற்கு ஆகாது, நமக்கு வேண்டியது அலுமினியத்தில் சதுரத் துளை போட்டது. எதை வாங்குவது என்பதில் ஏற்காட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள், ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரம், குப்பனூர் வழியாகப் போனாலும் ஏற்றம் ஏற்றம்தான். பழைய ரேஸ் கிராங்குகளில் பெருவாரியானவை 144 மி.மீ. போல்ட் வட்டம் (பல்சக்கரத்தைப் பிடிக்கும் போல்ட்கள் அமைந்த வட்டத்தின் விட்டம்) கொண்டவை, அதில் மாட்டக்கூடிய மிகச் சிறிய பல்சக்கரம் 41 பல். பின்னால் 28 போட்டாலும் கிராங்கின் ஒரு சுற்றுக்குப் பின்சக்கரம் கிட்டத்தட்ட ஒன்றரைச் சுற்று. வலுவான ஆளாக இருந்தால் ஏறலாம், புதியவருக்கு ஐந்தாவது வளைவிலேயே நாக்கு தள்ளும். 130 மி.மீ. வட்டத்தில் 38 வரை இறங்கலாம். 110 வட்டத்தில் 34 கிடைக்கும், ஜப்பானின் சுகினோ பழைய டூரிங் கிராங்குகளில் இந்த வட்டம் உண்டு, விலையும் பரவாயில்லை. என்னுடையது டிஏ நிறுவனத்தின் சைக்ளோடூரிஸ்ட், அதன் ஐந்து போல்ட் வட்டம் வெறும் 50.4 மி.மீ., உள் பல்சக்கரம் 26 பல் வரை போகும். நான் 30 போட்டிருக்கிறேன், பின்னால் 30. ஒன்றுக்கு ஒன்று. இதுதான் பதினைந்தாவது வளைவிலும் என்னை உட்கார்ந்தே மிதிக்கவைக்கிறது. முன்னால் கிராங்க் ஒடுங்கியிருந்தும் கியர் கனமாக இருந்தால் அந்த ஒடுக்கத்தால் என்ன பயன்?

இனி பழைய அலுமினியத்தின் வயது. நாற்பது ஐம்பது வருட கிராங்கை வாங்கியவுடன் மாட்டிவிடாதீர்கள். இவ்வளவு பாரத்துக்குக் கீழே சோர்வே வராது என்று இரும்புக்கு இருக்கும் எல்லை அலுமினியத்துக்கு இல்லை, சின்னச் சின்னச் சுமையும் சேர்ந்து சேர்ந்து ஒருநாள் விரிசலாகும். முக்கியமாக இரண்டு இடங்களைப் பாருங்கள்: வலது கிராங்கில் கையும் பல்சக்கரம் தாங்கும் கால்களும் சேரும் மூலை, அப்புறம் பெடல் துளையைச் சுற்றி. பழைய காம்பாக்னோலோ ரெக்கார்டு கிராங்குகள் அந்த மூலையில் விரிவது பெயர்பெற்ற விஷயம். அழுக்கை நன்றாகத் துடைத்துவிட்டு மண்ணெண்ணெய் தடவி ஐந்து நிமிடம் ஊறவிடுங்கள், பிறகு மேல்பரப்பைச் சுத்தமாக உலரத் துடைத்து, சாக்பீஸ் தூளை மெல்லியதாகத் தூவுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே ஊறிய எண்ணெய் கசிந்து வெள்ளைத் தூளில் முடிபோல ஒரு கருங்கோடு எழும். நான் இப்படிச் சோதித்த ஒரு கிராங்கில், வெறும் கண்ணுக்குக் கீறல் என்று தோன்றிய இடம் சுத்தமாக இருந்தது, ஒன்றுமே தெரியாத மூலையில் அரை சென்டிமீட்டர் கோடு வந்தது. அதை அன்றோடு மூலையில் போட்டுவிட்டேன். மலையிறக்கத்தில் முறிந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

பெடல் மரையும் பாருங்கள். 9/16 அங்குலம் இருந்தால் இன்றைய பெடல் ஏறும். சில பழைய பிரெஞ்சு கிராங்குகளில் 14 மி.மீ. மரை, அதில் நம் பெடலைத் திணித்தால் மரை போய்விடும். வாங்கும் முன் விற்பவரிடம் கேளுங்கள்.

அடுத்து பிபி ஆக்சில். இங்கே இரண்டு ஜாதி: ஜேஐஎஸ் (ஜப்பான் தர அளவு), ஐஎஸ்ஓ (சர்வதேசத் தர அளவு). இரண்டிலும் சரிவு 2 டிகிரிதான், ஆனால் முனையின் பருமன் வேறு. ஷிமானோ கார்ட்ரிட்ஜ்கள் ஜேஐஎஸ், ஜப்பான் கிராங்குகள் பெரும்பாலும் அதற்கே. பழைய காம்பாக்னோலோ ஐஎஸ்ஓ. ஐஎஸ்ஓ கிராங்கை ஜேஐஎஸ் ஆக்சிலில் ஏற்றினால் முழுதாக உள்ளே போகாமல் ஒரு பக்கத்துக்கு நான்கு மி.மீ. போல வெளியே நிற்கும். மாற்றிப் போட்டால், கிராங்க் அளவுக்கு மீறி உள்ளே போய் ஆக்சில் முனை போல்ட்டின் அடியை முட்டும், போல்ட் இறுகியது போலத் தெரியும், கிராங்க் இறுகியிருக்காது. இந்த இரண்டாவதுதான் ஆபத்து. போல்ட்டை இறுக்கும் முன் கிராங்கைக் கையால் ஏற்றி உள்ளே எட்டிப்பாருங்கள், ஆக்சில் முனை போல்ட் உட்காரும் முகத்தைவிட 2 மி.மீ.யாவது உள்ளே தாழ்ந்து இருக்கவேண்டும்.

ஆக்சில் நீளத்தை செயின்லைன்தான் சொல்லும். செயின்லைன் என்றால் இரண்டு முன் பல்சக்கரங்களுக்கும் நட்டநடு, வண்டி நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது. 130 மி.மீ. பின் ஹப் வண்டிகளுக்கு 43.5 மி.மீ. குறிவையுங்கள், ஷெல் முகத்திலிருந்து அளந்தால் 9.5 மி.மீ. (34 கூட்டினால் 43.5). இரண்டு பக்கமும் சமமான ஆக்சிலில் நீளத்தை 2 மி.மீ. கூட்டினால் செயின்லைன் 1 மி.மீ. வெளியே போகும், க்யூ ஃபேக்டர் 2 மி.மீ. கூடும். பழைய ஆக்சில்களில் வலப்பக்கம் இரண்டு மூன்று மி.மீ. நீளமாக இருக்கும், இன்றைய கார்ட்ரிட்ஜ்கள் சமமாகவே வருகின்றன, அதனால் பழைய புத்தகத்து எண்ணை அப்படியே நம்பி வாங்காதீர்கள்.

நான் முதலில் 107 மி.மீ. வாங்கினேன். வீட்டில் சுற்றிப் பார்க்கும்போது உள் பல்சக்கரத்துக்கும் செயின்ஸ்டேக்கும் நடுவே ஒரு பழைய போஸ்ட் கார்டு நுழைந்தது, போதும் என்று நினைத்துவிட்டேன். ஏற்காடு ஏறி இறங்கிவந்து துடைக்கும்போது செயின்ஸ்டேயின் உள்வளைவில், பெயின்ட்டில் ஊசியால் கீறியது போல வெள்ளி நிறத்தில் ஒரு கோடு, விரல் நகம் பட்டால் தட்டும். எழுந்து நின்று மிதித்தபோது பல்முனை உரசியிருக்கிறது. 110க்கு மாற்றியதும் 2 மி.மீ. நெருங்கிய இடைவெளி கிடைத்தது, பிறகு கோடு வளரவில்லை. பல்சக்கரத்துக்கும் செயின்ஸ்டேக்கும் குறைந்தது 2 மி.மீ. என்பதை அந்தக் கோட்டிலிருந்துதான் கற்றுக்கொண்டேன்.

மாட்டும் நாளில் கையில் இருக்கவேண்டியவை: கார்ட்ரிட்ஜ் பிபிக்கான பல் வைத்த கருவி, 8 மி.மீ. ஆலன் கீ அல்லது உங்கள் போல்ட்டுக்கான சாக்கெட், டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டுவது), கிராங்க் புல்லர் (கிராங்கை ஆக்சிலிலிருந்து இழுத்துக் கழற்றுவது), கிரீஸ், வெர்னியர். ஏற்கெனவே இருக்கும் கிராங்கைக் கழற்ற, ஷிமானோ மாதிரி இரண்டு துண்டு கிராங்க் என்றால் இடது கையின் இரு போல்ட்டைத் தளர்த்தி, நடு மூடியைக் கழற்றினால் கை வந்துவிடும். ஷெல்லின் இருபுறமும் பேரிங் தாங்கும் வெளிக் கப்புகளைக் கழற்றும்போது கவனம், பிஎஸ்ஏ ஷெல்லில் வலப்பக்கக் கப் எதிர்மரை, கடிகார முள் போகும் திசையில் சுற்றினால்தான் கழலும். ஷெல் மரையைத் துணியால் துடைத்து, கிரீஸ் தடவி, புது கார்ட்ரிட்ஜைக் கையாலேயே மூன்று நான்கு சுற்று ஏற்றுங்கள். முதல் சுற்றிலேயே கருவியை வைத்தால் மரை கோணலாக ஏறி ஃபிரேம் போய்விடும்.

கிராங்க் ஏற்றும்போது சதுரத் துளையையும் ஆக்சில் முனையையும் சுத்தமாகத் துடையுங்கள், மணல் ஒரு துகள் இருந்தாலும் சரியாக உட்காராது. ஆக்சிலில் கிரீஸ் தடவுவதா வேண்டாமா என்பதில் மெக்கானிக்குகள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் விரலால் லேசாகத் தொட்டுத் தேய்த்து விடுகிறேன், போல்ட் மரைக்கு மட்டும் தாராளமாக. 35 முதல் 40 நியூட்டன் மீட்டர் வரை இறுக்குங்கள். அனுபவத்தில் இறுக்குகிறேன் என்று நீளக் குழாய் போட்டு ஏறி நிற்காதீர்கள், பழைய அலுமினியம் அதைத் தாங்காது.

புல்லர் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். இன்றைய புல்லர் 22 மி.மீ. மரை. டிஏ கிராங்கின் மரை 23, இன்னொரு பிரெஞ்சு நிறுவனமான ஸ்ட்ராங்லைட்டின் மரை 23.35. பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், 22 உள்ளே போய் லூசாக நாலு மரையில் பிடிக்கவும் செய்யும், இழுக்கும்போது அந்த நாலு மரையையும் உரித்துக்கொண்டு வெளியே வரும். சேலத்திலேயே ஒரு கடையில் என் இடது கிராங்குக்கு இதுதான் நடந்தது, நான் பக்கத்தில் நின்றும் மரை அளவைச் சொல்லவில்லை. பிறகு ஒரு மெக்கானிக் பட்டறையில் இரண்டு கால் பேரிங் புல்லர் போட்டு, பின்னால் மரக்கட்டை வைத்துப் பக்குவமாகக் கழற்றினோம். அதற்குப் பிறகு செவ்வாய்பேட்டைப் பக்கம் ஒரு லேத் பட்டறையில் 23 மி.மீ., 1 மி.மீ. பிட்ச் என்று தாளில் எழுதிக்கொடுத்து, புல்லர் ஒன்றைக் கடைந்து வாங்கிவைத்துக்கொண்டேன். சேலத்தில் இருப்பதன் சௌகரியம் இது, பிட்ச் சொன்னால் போதும், எதையும் கடைந்துகொடுக்க ஆள் இருக்கிறார்கள்.

கிராங்க் மாட்டியபின் செயினும், செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் முன் டீரெய்லரும்தான் பாக்கி. பழைய பல்சக்கரங்கள் தடிமனான செயினுக்காக இடைவெளி விட்டு வைக்கப்பட்டவை. பதினொரு கியர் செயின் வெளி அகலம் 5.5 மி.மீ.தான். பெரியதிலிருந்து சின்னதுக்கு மாற்றும்போது செயின் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே இறங்கி, பல்லில் பிடிக்காமல் சும்மா சுற்றும். உள் சக்கரத்துக்கும் வெளிச் சக்கரத்துக்கும் நடுவிலுள்ள வாஷரை மெல்லியதாக மாற்றுங்கள், ஒரே தடவையில் அரை மி.மீ. மட்டும் குறைத்து ஓட்டிப் பாருங்கள். பல் மாற்றத்துக்கு உதவும் சரிவுகள் பழைய சக்கரத்தில் இருக்காது, அதனால் மாற்றும்போது கால் அழுத்தத்தை ஒரு கணம் தளர்த்தப் பழகுங்கள். வளைவுக்கு முன்பே மாற்றிவிடுங்கள், வளைவில் நடுவே மாற்றவேண்டாம்.

டீரெய்லரில் வேறு ஒரு சிக்கல், ஒடுக்கமான கிராங்கில் மட்டும் வருவது. கூண்டின் வெளித்தகடு கிராங்கின் உள்முகத்தைத் தொடும். என் வண்டியில் பெரிய சக்கரத்துக்குப் போனதும் சுற்றுக்கு ஒருமுறை "டிக்" என்று கேட்டது. கூண்டு வெளிப்பக்கம் எவ்வளவு போகலாம் என்று நிறுத்தும் எச் திருகை முழுதாக இறுக்கினால் கூண்டு பெரிய சக்கரத்துக்கே போகாது, தளர்த்தினால் கிராங்க் தட்டும், இரண்டுக்கும் நடுவில் கால் சுற்றுக் காலாகத் திருப்பி, தட்டாமலும் மாறியும் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாலை முழுக்கப் போயிற்று. அப்படியும் இடம் போதவில்லை என்றால் கிராங்குக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஐந்து போல்ட்டிலும் மெல்லிய வாஷர் போட்டுச் சக்கரத்தை உள்ளே தள்ளலாம், ஆனால் அதைச் செய்தால் செயின்ஸ்டே இடைவெளியை மறுபடி அளக்கவேண்டும்.

முதல் நாளே மலைக்குப் போகாதீர்கள். கோரிமேடு வரை சமதரையில் போய்வந்து, இரண்டு கிராங்கையும் கையால் பிடித்து உள்ளும் வெளியும் ஆட்டிப்பாருங்கள். ஆட்டம் இருந்தால் கழற்றித் துடைத்து, ஆக்சிலையும் துளையையும் பார்த்துவிட்டு மறுபடி மாட்டுங்கள், போல்ட்டை மட்டும் மேலும் மேலும் இறுக்கிக்கொண்டே போனால் துளை விரிந்துவிடும். ஆட்டம் இல்லையென்றால் நூறு கிலோமீட்டரில் ஒருமுறை டார்க் ரெஞ்ச் வைத்து அதே 35க்குச் சரிபாருங்கள், அதன்பின் தொடவேண்டாம். முதல் ஏற்காடு சவாரி முடிந்து இறங்கியதும், வண்டியைத் துடைக்கும்போது செயின்ஸ்டேயின் உள்பக்கத்தை ஒரு டார்ச் வைத்துப் பாருங்கள்.